உள்ளங்கைக்குள் ஒரு கோயில்
மரம் செதுக்க வரும் பிள்ளைகளுக்குப் பத்து அறிவுரைகள்

சனிக்கிழமைகளில் என் பட்டறைக்கு வரும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் அடிக்கடி கைபேசியை நீட்டுவார். திரையில் ஏறக்குறைய ஒரே படம்தான் இருக்கும். ஒரு சாண் உயரமுள்ள மரப் பீடம், விரித்த இரண்டு கதவுகள், நடுவில் கல்வாரி மலை. சிலுவையின் அடியில் குதிரைவீரர்கள், ஈட்டிகள், அழுகிற பெண்கள், வேடிக்கை பார்க்கிற கூட்டம். எல்லாம் மரம், எல்லாம் கையால் செதுக்கியவை. “ஐயா, இதைச் செய்யப் பழக்குவீங்களா?” என்று கேட்பார்கள்.

பழக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்குள் பல கேள்விகள் இருக்கின்றன. எனக்கு இப்போது 74 வயது. என் ஐயாவிடம் சொரூபம் செதுக்கப் பழகிய நாளிலிருந்து உளி என் கையில் இருக்கிறது. ரொறன்ரோவுக்கு வந்தபின் இந்தச் சிறு பீடங்களை நேரில் பார்க்கக் கிடைத்தது. அவற்றிடம் கற்றதையும் உளியிடம் கற்றதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

1. செய்யத் தொடங்குமுன் போய்ப் பாருங்கள்.

இத்தகைய சிறு மரவேலைகள் நெதர்லாந்துப் பகுதியில் ஏறக்குறைய 1500 முதல் 1530 வரை செய்யப்பட்டவை. ஒரு தலைமுறைக் காலம், அவ்வளவுதான். இன்று உலகம் முழுவதும் எஞ்சியிருப்பவை நூற்று முப்பதிலிருந்து நூற்றைம்பது வரை என்று கணக்கிடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை செபமணிகள். இரண்டாகத் திறக்கும் மர உருண்டைகள் அவை. உள்ளே வேதாகமக் காட்சி இருக்கும். கதவுள்ள சிறு பீடங்கள் மிகக் குறைவு. இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள பீடம் 1511ஆம் ஆண்டைச் சேர்ந்தது, உயரம் 25.1 சென்டிமீட்டர். ஃபெர்டினான்ட் டி ரொத்ஸ்சைல்ட் விட்டுச்சென்ற பொருட்களோடு 1898இல் அங்கே வந்து சேர்ந்தது. உலகிலேயே பெரிய தொகுப்போ நம் ஊரில், ஒன்ராறியோ ஓவியக்கூடத்தில், கென் தொம்சன் கொடுத்த சேகரிப்பில் இருக்கிறது. பேருந்தில் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இப்படி ஒன்று இருப்பது பெரிய கொடுப்பினை.

போகும்போது கைபேசியைப் பைக்குள் வையுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்றைப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் வெறும் கண்ணால் பாருங்கள். பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுங்கள். படத்தில் எல்லாம் ஒரே தட்டில் தெரியும். நேரில் தலையை ஓர் அங்குலம் சாய்த்தால் ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு முகம் வெளியே வரும். அந்த முகத்தை எந்தப் படமும் காட்டாது.

2. எதற்காகச் செய்தார்கள் என்று தெரியாமல் கை வைக்காதீர்கள்.

அந்தக் காலத்துக் கோயில்களில் பெரிய கதவுப் பீடங்கள் இருந்தன. சாதாரண நாட்களில் கதவுகள் சாத்தியிருக்கும், திருநாளில் திறப்பார்கள். ஊரே கூடி நின்று பார்க்கும். அதே வடிவத்தை ஒரு ஆளுக்காக, ஒரு அறைக்காக, ஒரு மேசைக்காகச் சுருக்கியதுதான் இந்தச் சிறு பீடம். ஊர்த் திருநாளை ஒருவர் தன் கையால் திறந்துகொள்கிறார்.

அதற்கு முன்பே அந்த மண்ணில் தனிச்செபமும் தியானமும் வேரூன்றியிருந்தன. கேர்ட் குரோத்தே தொடங்கிய நவீன பக்தி இயக்கம் அங்கேதான் வளர்ந்தது. நம்மவர் ‘கிறிஸ்துநாதர் அநுசாரம்’ என்ற பெயரில் தமிழில் படித்துவரும் நூலை எழுதிய தோமாஸ் அ கெம்பிஸ் அந்த மரபில் வந்தவர். ஆண்டவரின் பாடுகளை வாயால் சொன்னால் மட்டும் போதாது, அந்த இடத்தில் நீயும் நிற்பதாக எண்ணு என்பது அவர்கள் வழி.

1511ஆம் ஆண்டுப் பீடத்தை அந்த நினைவோடு பாருங்கள். இடப்பக்கக் கதவில் இயேசு சிலுவை சுமக்கிறார். நடுவில் அறையப்படுகிறார். வலப்பக்கக் கதவில் உயிர்த்தெழுகிறார். கண் இடமிருந்து வலமாக நகர்வதற்குள் மூன்று நாட்கள் கடந்துவிடுகின்றன. இது செபிப்பதற்கான கருவி. கருவி செய்கிறவன் அதைப் பிடிக்கப்போகிற கையை முதலில் நினைக்க வேண்டும். நீங்கள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் இந்த ஒன்றை மறக்கக் கூடாது.

3. மரத்தின் குணத்தைப் படியுங்கள்.

இந்த வேலைகள் பாக்ஸ்வுட் மரத்தில் செய்யப்பட்டவை. அது செடியா மரமா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெல்ல வளரும். தண்டு பருக்காது. அதனால் பெரிய பலகை கிடைக்காது. ஆனால் உள்ளே வைரம் பாய்ந்ததுபோல் இறுகி, நார் தெரியாமல், எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒரே சீராக இருக்கும். தலைமயிர் அளவு கோட்டையும் பிடித்துக்கொள்ளும், பிசிறு விடாது. இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு வண்ணமே பூசவில்லை. மஞ்சளாக இருந்த மரம் காலத்தால் தேன்நிறமாகிவிட்டது. மரம் சிறியது என்ற குறையை வேலையின் சிறப்பாக மாற்றிக்கொண்டார்கள்.

கடையில் ஒரு எச்சரிக்கை. பாக்ஸ்வுட் வேறு, பாஸ்வுட் வேறு. ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், குணமோ நேரெதிர். பாஸ்வுட் மெத்தென்று வெட்டுப்படும். பழகுகிறவர்கள் அதில்தான் தொடங்க வேண்டும். அதை இளக்காரமாக நினைக்காதீர்கள். அதன் நெருங்கிய உறவான லிண்டன் மரத்தில்தான் ஜெர்மன் சிற்பி தில்மன் ரீமன்ஷ்னைடர் ரோத்தன்பர்க் நகரத்துத் திரு இரத்தப் பீடத்தைச் செதுக்கினார். ஒரு வருடம் பாஸ்வுட்டில் கை பழகட்டும். பிறகு பாக்ஸ்வுட்டில் விரல் நீளத் துண்டு ஒன்று வாங்குங்கள். ஈரம் முழுவதும் காய்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள். அவசரமாகக் காய்ந்த துண்டு, நீங்கள் முகத்தை முடிக்கிற நாளில் முகத்தின் குறுக்கே வெடிக்கும்.

4. தீட்டுவதும் செதுக்குவதும் ஒரே வேலை.

ஒரு மணி நேரம் செதுக்க வேண்டுமானால் கால் மணி நேரம் சாணைக்கல்லில் இருங்கள். சிறு வேலையில் மழுங்கிய உளி மரத்தை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய இடம் அப்போது தெரியாது; எண்ணெய் பட்டதும் அழுக்குக் கறைபோல் எழும்பும்.

உப்புத்தாளை மறந்துவிடுங்கள். இளவயதில் நான் ஒரு மாதா சொரூபத்தின் முகத்தை அழகாக்குவதாக நினைத்து உப்புத்தாள் போட்டேன். கன்னம் வழுவழுப்பானது, மூக்கு கரைந்துவிட்டது. ஐயா ஒன்றும் திட்டவில்லை. அந்தத் துண்டை எடுத்து யன்னல் ஓரத்தில் வைத்தார். ஒரு வருடம் அது அங்கேயே இருந்தது. கூர்மையான உளி விட்டுச்செல்லும் வெட்டு தானாகவே மினுங்கும். அந்த மினுக்கம்தான் வேலையின் கடைசி மெருகு.

5. ஒரே கட்டையில் எல்லாவற்றையும் செய்யப் பார்க்காதீர்கள்.

இந்தப் பத்தில் முக்கியமானது இதுதான்.

நெடுங்காலம் இந்த வேலைகளைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: இவ்வளவு குறுகிய வாய்க்குள் உளி எப்படிப் போனது? பதில் நம் காலத்தில்தான் கிடைத்தது. ஒன்ராறியோ ஓவியக்கூடத்தையும் நியூயோர்க் மெட்ரோபொலிற்றன் அருங்காட்சியகத்தையும் சேர்ந்த பாதுகாப்பு வல்லுநர்கள் இவற்றை மைக்ரோ சி.ரி. ஸ்கான் செய்து பார்த்தார்கள். சிலவற்றைக் கவனமாகப் பிரித்தும் பார்த்தார்கள். உள்ளே தெரிந்தது மந்திரமல்ல, பொருத்து வேலை.

செபமணியை எடுத்துக்கொள்வோம். முதலில் உருண்டை. அதை இரண்டு பாதியாக்கி உள்ளே குடைகிறார்கள். காட்சியை அந்தக் குழிக்குள் செதுக்குவதில்லை. தனியாக ஒரு வட்டத் தட்டில் செதுக்குகிறார்கள். பின்புறத்தையும் குடைந்து மெல்லியதாக்குகிறார்கள். ஆழம் வேண்டிய இடத்தில் ஒன்றன்முன் ஒன்றாக அடுக்குகள். சிலவற்றில் சுற்றிவர நிற்கும் குட்டி மண்டபங்களைக்கூடத் தனித்தனியாகச் செய்து வட்டமாகச் செருகியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது மர முளைகள். அந்த முளைகளில் சில புல் விதையைவிடச் சிறியவை. முன்னால் நின்று பார்க்கிற கண்ணுக்குப் பொருத்து எதுவும் தெரியாது, ஏனென்றால் பொருத்து விழும் இடத்தை முன்கூட்டியே தீர்மானித்து, ஒரு தூணுக்கோ மேலாடை மடிப்புக்கோ பின்னால் ஒளித்திருக்கிறார்கள்.

இதிலிருந்து கற்க வேண்டியது ஒன்று. முடியாத வேலை என்று ஒன்றைப் பார்த்து மலைக்கும்போது, அதை எத்தனை துண்டாகப் பிரிக்கலாம் என்று கேளுங்கள். தாளில் வரையுங்கள். எது முன்னால், எது நடுவில், எது பின்னால், எது எதைப் பிடிக்கும், எதைக் கடைசியில் செருகுவது என்று இலக்கமிடுங்கள். உளியைத் தொடுமுன் இந்தக் கணக்கு முடிந்திருக்க வேண்டும். அந்தக் கலைஞர்களின் விரல்கள் நம் விரல்களைவிட மெல்லியவையாக இருந்திருக்க முடியாது. நம்மைவிட நிதானமாக யோசித்தார்கள்.

6. கூட்டத்தைச் செதுக்கினாலும் ஒருவரைக் காட்டுங்கள்.

சின்ன இடத்தில் ஐம்பது உருவங்களை அடைத்தால் வித்தை தெரியும், அது போதாது. அவர்கள் செய்த கல்வாரிக் காட்சிகளைக் கவனியுங்கள். கீழ்ப்பாதியில் நெரிசல்: தலைப்பாகைகள், குதிரைப் பிடரிகள், கேடயங்கள். மேல்பாதியில் திடீரென்று வெறுமை. அந்த வெறுமையில் சிலுவை தனியாக எழும்புகிறது. கண் தானாக அங்கே போகிறது.

முன்னால் நிற்பவரைப் பெரிதாக, நாலு பக்கமும் காற்றுப் புகும்படி விடுவித்துச் செதுக்குங்கள். நடுவில் உள்ளவரைப் பாதி எடுப்பாக விடுங்கள். பின்னால் இருக்கும் நகரத்தையும் மலையையும் கோடுகளாக மட்டும் கீறுங்கள். விரற்கடை ஆழம் ஒரு மைல் தூரமாகத் தெரியும். எங்கே செதுக்காமல் விடுவது என்று தெரிந்த பிறகுதான் ஒருவர் சிற்பியாகிறார்.

7. கண்ணையும் மூச்சையும் காப்பாற்றுங்கள்.

மூக்குக்கண்ணாடி ஐரோப்பாவில் பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டது. உருப்பெருக்கிக் கண்ணாடி போடுவது மானக்கேடு என்று நினைக்கிற பிள்ளைகள் இதை நினைவில் வையுங்கள். விளக்கை இடப்பக்கத்தில், தாழ்வாக வையுங்கள். நிழல் விழுந்தால்தான் ஆழம் தெரியும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி யன்னலுக்கு வெளியே தூரத்து மரத்தைப் பாருங்கள். பாக்ஸ்வுட் தூள் மூக்கையும் தொண்டையையும் உறுத்தும். முகமூடி இல்லாமல் அரம் போடாதீர்கள். கை நடுங்கத் தொடங்கினால் அன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம். நான் உடைத்த துண்டுகளில் பாதிக்குமேல் “இன்னும் கொஞ்சம்தானே” என்று இரவில் தொட்டவை.

8. பெயருக்காக அவசரப்படாதீர்கள்.

கொப்பன்ஹேகனில் இருக்கும் ஒரு செபமணியில் இலத்தீனில் ஒரு வரி பொறித்திருக்கிறது: ஆதாம் தியோதெரிசி என்னைச் செய்தான். டச்சு மொழியில் அந்தப் பெயர் ஆடம் டிர்க்ஸ் என்று வரும். 1968இல் யாப் லேவன்பெர்க் என்ற ஆய்வாளர், இந்த வகை வேலைகளில் பலவற்றை அந்தப் பெயரோடும் அவருடைய பட்டறையோடும் சேர்த்தார். டெல்ஃப்ட் நகரத்தில் அந்தப் பட்டறை இருந்திருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் கருதினார்கள். இவ்வளவு பெரிய கைகாரர் ஒரு வரிக்குள் தன்னை அடக்கிக்கொண்டார். அந்த வரியிலும் பேசுவது அவர் அல்ல, அவர் செய்த பொருள்.

பட்டறை என்ற சொல்லையும் கவனியுங்கள். ஒருவர் உருண்டை கடைந்திருப்பார், ஒருவர் வெளிச்சுவரின் சாளர வேலைப்பாட்டைக் குடைந்திருப்பார், ஒருவர் முகம் செதுக்கியிருப்பார். இங்கே வரும் பிள்ளைகளும் அப்படிச் சேர்ந்து செய்யுங்கள். முகம் நன்றாக வருகிற தங்கச்சி முகத்தைச் செய்யட்டும். கணக்கு நன்றாக வருகிற தம்பி பொருத்தைப் பார்க்கட்டும். நான்கு பேர் சேர்ந்து முடித்த நல்ல பீடம், தனியாக ஒருவர் பாதியில் விட்ட பீடத்தைவிட மேல்.

9. யாருக்கென்று தெரிந்து செய்யுங்கள், உறையையும் செய்யுங்கள்.

இந்த வேலைகள் பலவற்றில் உரிமையாளரின் பெயரோ குலச்சின்னமோ இருக்கிறது. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியும் அவருடைய முதல் மனைவி அரகோன் கத்தரீனும் வைத்திருந்த பாக்ஸ்வுட் செபமாலை இன்றும் சாட்ஸ்வர்த் மாளிகைத் தொகுப்பில் இருக்கிறது. பத்து மணிகள், ஒரு சிலுவை, திறந்து பார்க்கக்கூடிய ஒரு பெரிய மணி. அந்த அரசன் பின்னால் அந்த மனைவியையும் விட்டான், உரோமையையும் விட்டான். மரம் மட்டும் இருவரையும் இன்னும் சேர்த்தே வைத்திருக்கிறது.

அம்ஸ்ரடாம் ரைக்ஸ்மியூசியத்தில் ஒரு செபமணியோடு அதன் செப்புக் கூடும் வெல்வெட் பையும் தப்பிவந்திருக்கின்றன. எனக்கு அந்தப் பை பெரிய பாடம். செய்தவரின் பொறுப்பு உளியைக் கீழே வைத்ததோடு முடிவதில்லை. பொருள் எங்கே இருக்கும், எந்தக் கை எடுக்கும், எப்படி விழும் என்பதையும் யோசிக்க வேண்டும். நீங்கள் முதலில் செய்து முடிக்கிற துண்டை விற்க நினைக்காதீர்கள். உங்கள் அம்மம்மாவுக்கோ, வைத்தியசாலையில் இருக்கிற ஒருவருக்கோ செய்யுங்கள். எழுந்து கோயிலுக்குப் போக முடியாதவரின் உள்ளங்கைக்குக் கோயிலைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை இது. வாங்குகிறவரின் விரல் அதை எப்படித் திறக்கிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கதவு இறுக்கமா, விளிம்பு கையை உறுத்துகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

10. தெரிந்ததை எழுதிவையுங்கள், சொல்லிக்கொடுங்கள்.

1517இல் லூத்தர் எழுப்பிய கேள்விகள் சில ஆண்டுகளிலேயே நெதர்லாந்துக்கும் வந்தன. சொரூபங்களையும் செபமாலையையும் பற்றிய எண்ணம் மாறியது. கேட்டுச் செய்விக்கிறவர்கள் குறைந்தார்கள். 1530க்குப் பிறகு இந்தக் கலை அடங்கிவிட்டது. 1566இல் அந்த நாட்டில் உருவ உடைப்பு அலை எழுந்து, கோயில் கோயிலாகப் பெரிய பீடங்களை நொறுக்கியபோது, பைக்குள்ளும் பெட்டிக்குள்ளும் இருந்த சிறியவை பல தப்பின. பெரியதைப் பலர் பார்த்தார்கள், அதனால் பலர் உடைத்தார்கள். சிறியதை ஒருவர் பார்த்தார், அந்த ஒருவர் காப்பாற்றினார்.

பொருள்கள் தப்பின; செய்முறை தப்பவில்லை. எந்த உளி, எந்த வரிசை, முளையை எப்படிச் செருகினார்கள் என்று நமக்குச் சொல்ல ஒரு குறிப்பேடும் கைக்கு வரவில்லை. கற்றுக்கொண்ட மாணவனின் மாணவனும் இல்லை. ஐந்நூறு ஆண்டு கழித்து ஊடுகதிர் இயந்திரத்துக்குள் வைத்துப் பார்த்துத்தான் ஒரு முளையின் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 2016 நவம்பரில் ரொறன்ரோவில் தொடங்கி, அடுத்த ஆண்டு நியூயோர்க்கிலும் அம்ஸ்ரடாமிலும் நடந்த கண்காட்சி அந்தத் தேடலின் பயனை மக்களுக்குக் காட்டியது. அங்கே ஒரு செபமணியின் முன் நின்றபோது எனக்கு வியப்பைவிடத் துக்கமே அதிகமாக வந்தது. ஒரு மாலைப்பொழுதில் ஒரு குரு ஒரு சீடனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கக்கூடிய விஷயம் அது.

என் ஐயா சொரூபத்துக்குக் கண் திறக்கும்போது உளியைப் பிடிக்கிற விதம் ஒன்று இருந்தது. நான் ஒருநாளும் கேட்டு எழுதிவைக்கவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை. என் கை அதில் பாதியைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. அந்தப் பாதியையாவது உங்களுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

ஆகவே அடுத்த சனிக்கிழமை வரும்போது உளியோடு ஒரு கொப்பியும் கொண்டுவாருங்கள். எந்த உளியால் எதை வெட்டினீர்கள், எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என்று அன்றன்றே எழுதுங்கள். உங்களுக்குப் பின்னால் ஒரு பிள்ளை வந்து, “இதைச் செய்யப் பழக்குவீங்களா?” என்று கேட்கும். அப்போது அந்தக் கொப்பியைத் திறந்து வைத்துப் பழக்குங்கள்.